எஸ்.எஸ்.எல்.சி. முடியட்டும், அப்புறம் ஓடலாம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் பிள்ளை வளர்ப்பவர்கள் எல்லாரும் இந்த வாக்கியத்தை ஒரு முறையாவது சொல்லியிருப்பார்கள். எட்டாம் வகுப்புப் பையன் பள்ளியின் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நின்றால் கிடைக்கும் பதில் இதுதான்: “எஸ்.எஸ்.எல்.சி. முடியட்டும், அப்புறம் ஓடலாம்.” எஸ்.எஸ்.எல்.சி. முடிந்தால் பிளஸ் டூ. பிளஸ் டூவுக்குள்ளேயே என்ட்ரன்ஸ். பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். நாற்பத்தைந்து வயதில் ஒரு நாள் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து டாக்டர் சொல்வார், தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று. வீட்டார் அன்றைக்குச் சொன்ன அந்த ‘அப்புறம்’ அப்போதுதான் வந்து சேர்கிறது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் ஒரு நாள் விடிகாலையில் மியூசியம் வளாகத்துக்கோ கனகக்குன்னுக்கோ போய்ப் பாருங்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் கோட்டைக்குள் பத்மதீர்த்தக் குளத்தைச் சுற்றிப் பாருங்கள். கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடப்பவர்கள் எல்லாரும் அப்பா அம்மாக்கள், தாத்தா பாட்டிகள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதே நேரத்தில் ஏதோ ஒரு மாடியில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ட்யூஷனில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நாடு முழுக்க எடுத்து 2023இல் வெளிவந்த ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 25.5 பேருக்கு நீரிழிவு. கோவாவுக்கும் புதுச்சேரிக்கும் அடுத்த இடம். நடக்க வேண்டிய காலத்தில் பெற்றோரும் உட்காரவைக்கப்பட்டவர்கள்தான். அதே பாடத்தை அவர்கள் பிள்ளைகளுக்கும் நடத்துகிறார்கள்.

ஓட்டம் படிப்பைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை இங்கே இத்தனை ஆழமாக வேரோடியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மே மாதம் ரிசல்ட் வந்ததும் ஜங்ஷன்தோறும் ஃபிளெக்ஸ் போர்டு எழும்பும். ஃபுல் ஏ பிளஸ் வாங்கியவர்களின் முகங்கள், வரிசை வரிசையாக, பாஸ்போர்ட் போட்டோ அளவில். ஒன்பது ஏ பிளஸும் ஒரு ஏ-யும் வாங்கிய பிள்ளைக்கு அந்தப் போர்டில் இடமில்லை. அந்த ஒரு ஏ-க்கு எது காரணம் என்று வீட்டில் விசாரணை நடக்கும்போது ஓட்டம்தான் முதல் குற்றவாளி. போன் கடைசிக் குற்றவாளி. சில வீடுகளில் அது சாட்சியாகக்கூடச் சேர்க்கப்படுவதில்லை.

சாலை பஜாரில் ஒரு பலசரக்குக் கடை வாசலில் நான் கேட்ட பேச்சு இது. கடைக்காரருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அவரிடம் வந்து கேட்டவர் அவருடைய பையனின் பள்ளிக்கூடத்துப் பி.டி. சார்.

“அண்ணாச்சி, வாரத்துல மூணே நாள். காலம்பற முக்கா மணி நேரம். பையன் நல்லா ஓடுதான்.”

“ஓடுவான் சார், ஓடட்டும். கணக்குல ஏ பிளஸ் வரலியே. அந்த முக்கா மணி நேரத்துல நாலு கணக்குப் போடுவாம்லா?”

பி.டி. சார் பதில் சொல்லவில்லை. பையன் உளுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த நாலு கணக்கு எங்கே போடப்படுகிறது என்று அண்ணாச்சி திரும்பிப் பார்த்திருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

அண்ணாச்சிக்கு வியாபாரக் கணக்கு நன்றாக வரும், அதனால் அவர் பாணியிலேயே சொல்கிறேன். மூன்று நாள், முக்கால் மணி நேரம்: வாரத்துக்கு 2 மணி 15 நிமிடம். ஒரு கிரிக்கெட் மேட்ச் பார்க்கும் நேரம்கூட இல்லை. அந்த நேரம் படிப்பிலிருந்து கழிகிறது என்று யார் சொன்னது? அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் 221 பேரை வைத்து ஒன்பது மாதம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேர் பள்ளி விட்டதும் தினமும் ஓடியாடினார்கள். மறு பாதி வழக்கம்போல. கவனம் சிதறாமல் இருப்பதிலும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதைத் திருப்புவதிலும் ஓடியாடிய பிள்ளைகள் கூடுதலாகத் தேறினார்கள் என்பது 2014இல் வெளிவந்த முடிவு. ஓடினால் ஃபுல் ஏ பிளஸ் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். அவர்கள் சின்னப் பிள்ளைகள், நம் பேச்சு பதின்மூன்று பதினான்கு வயதைப் பற்றி. ஆனால் ஓடினால் மூளை மழுங்கும் என்பவர்கள் கையில் இந்த அளவுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் பக்கத்து வீட்டுப் பையன் கதை ஒன்று.

இன்னொரு நினைப்பு உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘ஓட்டமெல்லாம் படிப்பு வராத பிள்ளைகளுக்கு. கோட்டாவில் போலீஸ், ரயில்வே, பட்டாளம் என்று எதிலாவது நுழைய வழி.’ அதாவது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டம் பிழைப்பு, நம் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாத வேலை. பாலக்காட்டு முண்டூரில் கூலி வேலை செய்யும் பெற்றோருக்குப் பிறந்த பி.யு. சித்ரா அங்குள்ள பள்ளியில் சிஜின் என்ற பயிற்சியாளரிடம் ஓடத் தொடங்கி 2017இல் புவனேஸ்வரில் 1500 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கினார். லண்டன் உலகப் போட்டிக்கு அவரை அனுப்பாமல் விட்டபோது கேரளம் முழுக்கக் கொதித்தது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அன்று அவருக்காகக் கொதித்த வீடுகளில் எத்தனை வீட்டில் சொந்தப் பெண்ணுக்கு ஓட்ட ஷூ வாங்கிக் கொடுத்திருப்பார்கள்? கைதட்டுவதற்கு ஒரு வர்க்கம், ஓடுவதற்கு ஒரு வர்க்கம் என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

‘அதெல்லாம் பிறவியிலேயே வர வேண்டும்’ என்பது இந்த நினைப்புக்கு மரியாதையான சட்டை. பிறவி என்றால் முண்டூரிலும் பறளியிலும் மட்டும் ஏன் அப்படிக் கொத்துக் கொத்தாகப் பிறக்கிறார்கள்? இரண்டும் பாலக்காடு மாவட்டத்துச் சாதாரண ஊர்கள். பறளியில் பி.ஜி. மனோஜ் என்ற உடற்கல்வி ஆசிரியர் ஆண்டுக்கணக்காக ஒரே பள்ளியில் ஊன்றி நின்றார், முண்டூரில் சிஜின். கோதமங்கலத்தில் செயின்ட் ஜார்ஜ், மார் பேசில் என்ற இரண்டு பள்ளிகள் ஒன்றையொன்று முந்தப் போட்டி போட்டே ஒரு தலைமுறை ஓட்டக்காரர்களை வளர்த்தன. தமிழ்நாட்டில் புதுக்கோட்டையைப் பாருங்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடிய சாந்தி, 2016 தெற்காசியப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய சூர்யா, மறு ஆண்டு புவனேஸ்வரில் அதே இரண்டு ஓட்டங்களிலும் ஆசியச் சாம்பியன் ஆன லட்சுமணன், மூவரும் அந்த ஒரே மாவட்டம். அந்த மண்ணில் விசேஷ ரத்தம் எதுவும் ஊறவில்லை. யாரோ ஒருவர் விடியற்காலையில் விசில் ஊதிக்கொண்டு நின்றிருக்கிறார்.

நம் ஜில்லாவுக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டவும் முடியாது. 2024 மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவில் ஒட்டுமொத்தச் சாம்பியன் திருவனந்தபுரம்தான். ஆனால் தடகளக் கோப்பை போனது மலப்புறத்துக்கு, அதுவும் முதல்முறையாக. நீச்சல்குளத்திலும் ஆட்டக்களங்களிலும் சேர்த்த புள்ளி ஓட்டப் பாதையில் கிடைக்கவில்லை. ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இங்கே அருவிக்கரையில் இருக்கிறது, காரியவட்டத்தில் உடற்கல்விக்கென்று தேசியக் கல்லூரியே இருக்கிறது. கோட்டைக்குள்ளிருக்கும் பிள்ளைக்கு இரண்டும் வேறு கிரகம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கிராஸ் கன்ட்ரி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நாம் எதை இழக்கிறோம் என்பது புரியும். ஒரு பள்ளிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை எந்த அணிக்கோ அதுதான் ஜெயித்த அணி. முதல் ஆள் புயலாக வந்தும் ஐந்தாவது ஆள் எண்பதாவதாக வந்தால் அணி தோற்றது. ஆக எல்லாருடைய கண்ணும் ஐந்தாவது பிள்ளை மேல்தான். அந்தப் பிள்ளை பிறவி ஓட்டக்காரன் கிடையாது, தவறாமல் பயிற்சிக்கு வந்தவன், அவ்வளவே. கலிபோர்னியாவில் மெக்ஃபார்லாண்ட் என்ற ஊரில் தோட்டக் கூலிகளின் பிள்ளைகளைக் கொண்டு ஜிம் ஒயிட் என்ற ஆசிரியர் அமைத்த அணி 1987இல் மாநிலப் பட்டம் வாங்கியது. அடுத்தடுத்து மொத்தம் ஒன்பது பட்டம். பின்னால் டிஸ்னி அதைப் படமாகவும் எடுத்தது.

இங்கே அணி என்ற பேச்சே இல்லை. பள்ளிக்குள் ஒரு ஓட்டம் வைத்து, முந்தி வந்த ஓரிருவரை உபஜில்லாப் போட்டிக்கு அனுப்பிவிட்டு மீதிப் பேரை வகுப்புக்கு விரட்டிவிடுகிறோம். ஜெயித்தால் கிரேஸ் மார்க். கிரேஸ் மார்க் கொடுப்பது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் விளைவைப் பாருங்கள்: மார்க் கிடைக்கிற ஓட்டம் லாபம், மார்க் கிடைக்காத ஓட்டம் நஷ்டம் என்று பத்து வயதிலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. எட்டாவதாக வருகிற பையனுக்கு ஓட ஒரு காரணமும் மிஞ்சுவதில்லை. பி.டி. பீரியடின் கதியும் இதுதான். 2023இல் தமிழ்நாட்டு விளையாட்டு அமைச்சராயிருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொண்டார். அரங்கம் சிரித்தது. வாங்கிய கடனை யாராவது திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

“கோட்டைப் பக்கம் கிரவுண்டு ஏது?” என்பார்கள். இதில் பாதி நியாயம். புத்தரிக்கண்டம் மைதானத்தில் பொருட்காட்சி, இல்லாவிட்டால் பொதுக்கூட்டம். அட்டக்குளங்கரைப் பள்ளி நிலத்தில் பஸ் பே கட்டும் திட்டம் வந்தபோது மறைந்த கவிஞர் சுகதகுமாரி போன்றவர்கள் தெருவில் இறங்கித்தான் பேச வேண்டியிருந்தது. ஆனால் கிராஸ் கன்ட்ரிக்கு நானூறு மீட்டர் வட்டப் பாதை தேவையே இல்லை, மேடு பள்ளமும் மணலும்தான் அதற்குப் பாதை. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு மேற்குக் கோட்டை வழியாக வள்ளக்கடவு தாண்டி, விமான ஓடுபாதையைக் குறுக்கே கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறதே, சாமி போவதற்காக விமான நிலையத்தையே சில மணி நேரம் மூடுகிறார்களே, அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகள் ஓட ஒரு வழி விட மாட்டார்களா? கடற்கரை வரை வேனில் கூட்டிப்போய் மணலில் ஓட விடலாம். வெள்ளாயணிக் காயல் ஓரம் இன்னும் நல்லது. உண்மையான இடைஞ்சல் தெரு நாய்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். தனியாக ஓடும் பிள்ளையை நாய் துரத்தும். கூட்டமாகவும், கூட ஒரு பெரியவர் இருந்தும் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடம்பு தாங்காது என்ற பயத்திலும் பாதி நிஜம். 1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் கொளுத்தும் வெயிலில் கிராஸ் கன்ட்ரி வைத்தார்கள். 38 பேர் கிளம்பி 15 பேர்தான் முடித்தார்கள். அதோடு ஒலிம்பிக்கிலிருந்தே அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள். வெயில் அப்படிப்பட்டது, நம் ஊர்ப் புழுக்கம் கேட்கவே வேண்டாம். அதனால்தான் ஆறு மணிக்கு ஓட வேண்டும் என்கிறோம், பதினொரு மணிக்கு அல்ல. பத்து வயதுப் பையனை மாலை போட்டு இருமுடி தூக்க வைத்து, பம்பையிலிருந்து நீலிமலை ஏற்றி, வெறுங்காலோடு சன்னிதானம் வரை நடத்திக் கூட்டிப்போகிற அதே அப்பா, பன்னிரண்டு வயதில் அவன் மூன்று கிலோமீட்டர் ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்கிறார். மலை ஏறும்போது தேயாத மூட்டு!

பெண் பிள்ளை என்றால் பல்லவியே வேறு. “வெயில்ல கறுத்துப் போயிடுவாடி, நாளைக்கு யார் பதில் சொல்றது?” என்று அக்ரஹாரத்துப் பாட்டியும் சொல்வாள், சாலைத் தெரு அத்தையும் சொல்வாள். நிறத்துக்குப் பதில் சொல்லத் தயாராக இருப்பவர்கள் ரத்தத்தைப் பற்றிக் கேட்பதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு சுற்று ஓடியதும் பெண்ணுக்கு மூச்சிரைத்தால் ஓட்டத்தை நிறுத்துகிறோம், ஹீமோகுளோபின் பார்ப்பதில்லை. ஓடாமல் இருந்திருந்தால் அந்தக் குறை தெரிந்தே இருக்காது.

விளையாட்டு ஹாஸ்டலில் சேர்ந்து, முகாம் முகாமாகப் போய், தேர்வுகளைத் தவறவிட்டு, காயம் பட்டு, கடைசியில் படிப்பும் பதக்கமும் கையில் இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது நிஜமான துயரம், அதைப் பேசுவதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஆனால் அண்ணாச்சியிடம் பி.டி. சார் கேட்டது அது இல்லை. வாரத்துக்கு மூன்று காலைப் பொழுது கேட்டார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் பி.டி.ஏ. கூட்டம் போடுவார்கள். யூனிஃபார்ம் துணி, பஸ் கட்டணம், மதிய உணவு எல்லாம் பேசுவார்கள். அங்கே எழுந்து மூன்று விஷயம் கேட்கலாம். பெயர் கொடுக்கும் எந்தப் பிள்ளையையும் கிராஸ் கன்ட்ரி அணியிலிருந்து கழிக்கக் கூடாது. வருஷத்தில் ஒரு முறையாவது பக்கத்துப் பள்ளிகளோடு ஐந்து பேர் இடங்களைக் கூட்டும் முறையில் ஓட்டம் வைக்க வேண்டும். ஓடும் பெண் பிள்ளைகளுக்கு முதலிலேயே ரத்தப் பரிசோதனை. செலவு என்று பார்த்தால் கொஞ்சம் வாழைப்பழமும் குடிதண்ணீரும். மிச்சம் இருப்பது ட்யூஷன் சென்டர்க்காரரிடம் பேச வேண்டிய வேலை: திங்கள், புதன், வெள்ளி பேட்ச்சை ஆறு மணியிலிருந்து ஏழேகாலுக்குத் தள்ளிப் போடச் சொல்ல வேண்டும். அவர் முணுமுணுப்பார். ஃபீஸ் கொடுப்பது நாம்தானே.