சீட்டுப் போடுகிறவர் கூலி யார் பொறுப்பு?



நம் தீவுகளில் காசினோ கிடையாது. ஆனால் சீட்டுக்கட்டு நுழையாத இடமும் கிடையாது. சென்னையில் கப்பல் ஏறினால் ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய நம் போர்ட் பிளேர் வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள். அதற்குள் பங்க் வகுப்பில் நாலு இடத்தில் ரம்மி வட்டம் கூடிவிடுகிறது. விடுமுறையில் ஊருக்குப் போனால் மனமகிழ் மன்றம். கோவாவுக்குச் சுற்றுலா போனால் மாண்டவி ஆற்றில் மிதக்கும் காசினோக் கப்பல். நம் இளைஞர்களில் சிலர் அங்கே ஆடப் போகிறார்கள். சிலர் அந்த மேசைகளில் சீட்டுப் போடும் வேலைக்கே போக நினைக்கிறார்கள். அதனால்தான் நம்மிடையே இந்தக் கேள்வி எழுகிறது: பெரிய ஆட்டம் அடித்தவர், சீட்டுப் போட்டவருக்கு எவ்வளவு இனாம் கொடுப்பது மரியாதை?

நூற்றுக்கு இரண்டு மூன்றாவது கொடுக்க வேண்டும் என்பார் ஒருவர். அது வென்றவர் இஷ்டம் என்பார் இன்னொருவர். கொடுக்காமல் எழுந்தால் அடுத்த தடவை கை வராது என்று பயமுறுத்துவார் மூன்றாமவர். மூவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: இரவு முழுவதும் கால் கடுக்க நின்று சீட்டுப் போடுகிற அந்த மனிதருக்குச் சம்பளம் இல்லையா? அதைத் தர வேண்டியவர் எங்கே போனார்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு பேர் ஆடும் மேசையில் ஒருவர் ஆயிரம் ரூபாய் வென்றால், அந்த ஆயிரம் மற்ற மூவர் பையிலிருந்து வந்தது. கப்பலில் என்றால் அது ஒரு கொத்தனாரின் கூலி, ஒரு துறைமுகத் தொழிலாளியின் கூலி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பை வாங்க வைத்திருந்த பணம். கிளப்பில் என்றால் இடம் கொடுத்தவர் எல்லோரிடமும் மேசைக் காசு வாங்கியிருப்பார். அதன் மேல், வென்றவர் ஐம்பது ரூபாயைச் சீட்டுப் போட்டவர் கையில் வைக்கிறார். பார்த்தவர்கள் "தாராள மனசு" என்கிறார்கள். நடந்தது என்ன? கிளப்புக்காரர் தர வேண்டிய கூலியைத் தோற்றவர்கள் தந்தார்கள். பாராட்டு வென்றவருக்குப் போனது, லாபம் கிளப்புக்காரருக்குப் போனது.

இந்த லாபத்தின் மேல் சட்டத்துக்கும் ஒரு கண் உண்டு. செகந்திராபாத் கிரசென்ட் மனமகிழ் மன்ற வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று அது சொன்னதை எல்லாக் கிளப்புக்காரர்களும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அதே தீர்ப்பில், பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்துச் சொந்தக்காரர் லாபம் எடுப்பதாக நிரூபணமானால் அது குற்றமாகலாம் என்றும் இருக்கிறது. அந்த வரி வரும்போது அவர்களுக்கு ஞாபகம் தவறிவிடும்.

இனாமை வைத்துச் சம்பளத்தை விழுங்கும் வித்தை பழையது. ரயில் தொழிலாளர் வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் புல்மன் என்பவரின் கம்பெனி தூங்கும் வசதியுள்ள ரயில் பெட்டிகளை ஓட்டியது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை அந்தப் பெட்டிகளில் போர்ட்டர்களாகச் சேர்த்து, அற்பச் சம்பளம் கொடுத்து, மீதியைப் பயணிகளிடம் கையேந்தி வாங்கிக்கொள்ள விட்டார்கள். பயணிகள் அவர்களை முதலாளியின் பெயரால் "ஜார்ஜ்" என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை! 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டு போராடி 1937-இல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். மாதம் 400 மணி நேரம் வரை இருந்த வேலை 240 மணியாகக் குறைந்தது, சம்பளம் உயர்ந்தது. பயணிகள் மனமிரங்கி இன்னும் கொஞ்சம் சில்லறை போட்டதால் கிடைத்த வெற்றியா இது?

சூதாட்ட மேசைக்கே வருவோம். லாஸ் வேகாஸ் நகரத்தில் சீட்டுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் டிப்பை நம்பியே வாழ்கிறார்கள். அங்குள்ள வின் காசினோவில் 2006-இல் நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது: டீலர்கள் சேர்த்துவைத்துப் பிரித்துக்கொள்ளும் டிப் பணத்தில் மேற்பார்வையாளர்களுக்கும் பங்கு உண்டு என்று. மேற்பார்வையாளருக்குத் தான் கூட்டித் தர வேண்டிய சம்பளத்தைத் தொழிலாளியின் உண்டியலிலிருந்து எடுத்துத் தந்தார் முதலாளி. டீலர்கள் சும்மா இருக்கவில்லை. 2007-இல் வாக்களித்துப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார்கள். 1934-இல் நியூயார்க் சுரங்க ரயில் தொழிலாளர்கள் தொடங்கிய சங்கம் அது. வென்றவர் நூறு டாலர் வைத்தாலும் ஆயிரம் டாலர் வைத்தாலும் அந்தப் பணத்துக்குக் காவல் சங்கம்தான் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

"டிப்பில் அவன் சம்பளத்தைவிட அதிகம் பார்க்கிறானே, உங்களுக்கு என்ன வயிற்றெரிச்சல்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல நாளில் பார்க்கலாம். காய்ச்சலில் படுத்தால் டிப் வருமா? பிராவிடண்ட் ஃபண்டுக்கு டிப் கணக்கில் ஏறுமா? ஆங்கிலத்தில் கிராஜுவிட்டி என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, வாடிக்கையாளர் மனமிருந்தால் போடும் பக்ஷீஸ். மற்றது, தொழிலாளி வேலையை விட்டுப் போகும்போது முதலாளி கொடுத்தே தீர வேண்டிய பணிக்கொடை. 1972 சட்டத்தில் வந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் தொடர்கிறது. வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்பது அதன் கணக்கு. கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்தே அதைப் போடுவார்கள். ஊதியம் சிறுத்து டிப் பெருத்தவருக்குக் கடைசி நாளில் கையில் என்ன மிஞ்சும்?

நம் நாட்டு முதலாளிகளும் இந்த வாதத்தை முயன்று பார்த்தவர்கள்தான். ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் தொழிலாளர் வழக்கில், தொழிலாளிக்கு டிப் வருகிறதே என்று நிர்வாகம் காட்டிய கணக்கை 1976-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. டிப் என்பது வாடிக்கையாளர் தருவது, அதைக் காட்டி ஊதியப் பொறுப்பைக் குறைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். ஓட்டலுக்குச் சொன்னது சீட்டு மேசைக்கும் பொருந்தும் என்பதே நம் வாதம்.

இனாமை நம்பி வாழ்கிறவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கவுண்ட்டருக்குப் பின்னால் உட்காரும் குமாஸ்தாக்களான நமக்கு அது நன்றாகத் தெரியும். மாதச் சம்பளம் வருவதால்தான் பயணியிடம் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார முடிகிறது. சம்பளம் இல்லாமல் பயணிகள் போடும் காசில் பிழைக்கச் சொன்னால், வரிசையில் முதலில் நிற்பவரைவிடச் சட்டைப்பை கனத்தவர்தான் முதலில் கண்ணில் படுவார். சீட்டு மேசையிலும் அப்படித்தான். சிங்கப்பூரில் 2010-இல் இரண்டு காசினோக்கள் திறந்தார்கள். அங்கே மேசையில் நிற்கும் ஊழியர் ஆட்டக்காரரிடம் இனாம் வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் ஒழுங்கான சம்பளம் கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் அது தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகும். முதலில் ஊதியம், பிறகுதான் தடை.

1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே இனாமுக்குச் "சந்தோஷம்" என்று பெயர். கொடுப்பவருக்குத்தான் சந்தோஷம், வாங்குபவருக்கு அடுத்த வேளைக் கவலை.

நாம் சூதுக்கு வக்காலத்து வாங்கவில்லை. கைப்பேசி ரம்மியில் வீட்டுப் பணத்தைத் தொலைத்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதை வரவேற்கிறோம். சூது கெட்டது என்பதற்காக அந்த மேசையில் உழைப்பவரின் கூலியை விழுங்கலாம் என்று ஆகிவிடாது.

எவ்வளவு கொடுப்பது என்று கேட்டவர்களுக்கு நம் பதில் இதுதான். பணம் வைத்து ஆடாதீர்கள். ஆடி வென்றுவிட்டீர்களா? பரிசிலிருந்தே ஊழியர் பங்கைக் கழித்துவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். பெரிய போட்டிகளில் அப்படிக் கழிப்பது உண்டு. கழிக்கவில்லை என்றால் கொடுப்பதை அமைதியாகக் கொடுங்கள், வீசி எறியாதீர்கள். சீட்டுப் போட்டவரோடு தேநீர் கொண்டுவந்தவருக்கும் தரையைப் பெருக்கியவருக்கும் பங்கு போகட்டும். முதலாளியின் பெட்டியில் போடாதீர்கள். அவரைப் பெயர் கேட்டு, பெயர் சொல்லி அழையுங்கள். உங்கள் பிள்ளை இந்த வேலைக்குப் போகிறான் என்றால், "டிப் நிறைய வரும்" என்ற வாய்ப்பேச்சை நம்பாமல், சம்பளம் எவ்வளவு, பிராவிடண்ட் ஃபண்ட் உண்டா, சங்கம் உண்டா என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

வென்றவரின் தாராளம் ஒரு ராத்திரிக்கு. தொழிலாளியின் குடும்பத்துக்கு மாதம் முப்பது நாளும் அடுப்பு எரிய வேண்டும். கையேந்த வைக்காதே, கணக்குப் பார்த்துக் கூலி கொடு! இதுவே நம் கோரிக்கை.