பானையும் பத்தாயமும்

பானையில் அரிசி இருப்பதைக் கண்டு, பத்தாயமும் நிறைந்திருக்கிறது என்று எந்தக் குடும்பத் தலைவியும் நம்பிவிட மாட்டாள். ஆனால் தேக விஷயத்தில் நாம் அப்படித்தான் நம்பிவிடுகிறோம்.

பேதியுப்பை அறியாத பாட்டிமார் இல்லை. அதில் அடங்கியுள்ள உலோகமே மக்னீஷியம். வளர்ந்த மனிதனின் தேகத்தில் இது சுமார் 25 கிராம் உண்டு. பாதிக்கு மேல் எலும்பிலும், எஞ்சியதில் பெரும் பகுதி தசை முதலியவற்றிலும் தங்கியிருக்கிறது. இரத்த நீரில் இருப்பதோ நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே இரத்தத்தில் குறைவு தென்பட்டால் அது மெய்யே; தென்படாவிடில் குறைவே இல்லையென்று தீர்மானிப்பதற்கில்லை.

இந்தச் செல்வத்துக்குச் சிறுநீரகமே காவலாளி. நாளொன்றுக்குச் சுமார் 2,400 மில்லிகிராம் மக்னீஷியம் அதன் சல்லடையில் இறங்குகிறது; வெளியேறுவது சுமார் 100 மில்லிகிராம்தான். வரவு குறைந்தாலோ, சில தினங்களுக்குள் அந்தச் செலவையும் அது சுருக்கிவிடும். குடலும் உணவிலிருந்து கூடுதலான பங்கை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் ஆரோக்கியமுள்ளவர்களுக்குப் பெருங் குறைவு நேர்வது அபூர்வம்.

நீடித்த பேதி, மிதமிஞ்சிய குடி, கட்டுக்கடங்காத நீரிழிவு, நீரைப் பிரிக்கும் சில மருந்துகள் ஆகியவை இக்காவலைக் குலைக்கின்றன. வயிற்றெரிச்சலுக்கு உண்ணும் ஒமெப்ரஸோல் போன்ற மாத்திரைகளும் அவ்வாறே. ஓராண்டுக்கு மேல் அவற்றை உட்கொண்டவர்களில் சிலருக்கு இக்குறைவு உண்டாகலாமென்று அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கண்காணிப்பு இலாகா 2011-ல் எச்சரித்தது. அது ஆராய்ந்த நோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மக்னீஷியம் கொடுத்தது மட்டும் போதவில்லை. மாத்திரையையும் நிறுத்த வேண்டியிருந்தது.

குறைவு முற்றினால் கை கால் இழுக்கும். இருதயத் துடிப்பு தடுமாறும். இரத்தத்தில் கால்ஷியத்தின் அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் சோர்ந்துவிடும். அந்நிலையில் கால்ஷியம் மாத்திரமே கொடுத்துப் பயனில்லை. முதலில் மக்னீஷியத்தை நிரப்ப வேண்டும்.

நேயர்களுக்கு நாம் சொல்வது இதுவே: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எத்தனை காலமாக உண்கிறீர்கள் என்பதை வைத்தியரிடம் மறவாமல் கூறுங்கள். சிறுநீரகம் பழுதுற்றவர்களோ, வைத்தியரைக் கேளாமல் மக்னீஷிய உப்பைத் தொடலாகாது. வெளியேற வழியின்றி அது தேகத்தில் தேங்கி நஞ்சாகும்.

மற்றவர்களுக்குக் கேழ்வரகும் கீரையும் பருப்பும் வேர்க்கடலையும் இருக்கின்றன. அரிசியைத் தீட்டத் தீட்ட, அதிலுள்ள மக்னீஷியத்தில் பெரும் பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. பத்தாயத்தை நிரப்பும் வேலை அடுக்களையிலேதான் தொடங்குகிறது.