எடை குறைந்த கிதாரும் அதை எடை போடுதலும்

ஒரு வாத்தியத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுமுன் அதை ஒரு முறையேனும் மடியில் வைத்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது மிக எளிய விதி. மின்கிதார் உலகில் இவ்விதி அடிக்கடி மீறப்படுகிறது. பார்க்கர் ஃப்ளை என்னும் கிதாரைப் பற்றி நாங்கள் கேட்ட தீர்ப்புகளில் பெரும்பாலானவை அதைத் தொட்டே பார்க்காதவர்கள் வழங்கியவை. 'மரமில்லாத கிதாருக்கு உயிர் ஏது?' என்றார் ஒரு நண்பர். அதற்குள் மரம் இருக்கிறது என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. நாங்கள் மூவர் கூட்டாக அதன் உடைமையாளர்களாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதைப் பற்றி நிதானமாக ஏதேனும் சொல்ல இப்போது எங்களுக்குச் சிறிது உரிமை உண்டு என்று கருதுகிறோம்.

பாஸ்டன் நகரின் புறத்தே ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த காலத்தில், 2011இல், முந்தைய உடைமையாளர் ஒருவரிடமிருந்து அதை வாங்கினோம். தனியொருவரால் கொடுக்க முடிந்த விலை அல்ல. எனவே மூன்று பங்கு. உறையைத் திறந்து தூக்கியபோது ஏற்பட்ட முதல் உணர்வு ஏமாற்றம் என்றே சொல்ல வேண்டும். கனத்தை எதிர்பார்த்து விசையோடு தூக்கிய கை, எதிர்பார்த்த உயரத்தைத் தாண்டிச் சென்றுவிட்டது. ஏறத்தாழ 2.25 கிலோ. புகழ்பெற்ற லெஸ் பால் வகைக் கிதார்கள் சாதாரணமாக 4 கிலோவையோ அதற்கு மேலோ எட்டுபவை. கனமே தரம் என்று பழகிய மனத்துக்கு, இத்தனை இலேசான பொருளுக்கா இத்தனை பணம் கொடுத்தோம் என்று தோன்றியது. முன்முடிவு எங்களிடமும் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டே மேலே எழுதுகிறோம்.

ஃப்ளை 1993இல் வெளிவந்தது. கென் பார்க்கர் என்னும் கிதார்ச் சிற்பியும், ஒலிவாங்கி மின்னணுவியலில் பெயர்பெற்ற லாரி ஃபிஷ்மனும் சேர்ந்து உருவாக்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் தொழிற்சாலை. அதன் அடிப்படைக் கருத்து இதுதான்: கிதாரின் உடலும் கழுத்தும் விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் விறைப்புக்காகக் கனத்தைச் சுமக்க வேண்டியதில்லை. எனவே உள்ளே பாப்லர் போன்ற இலேசான மரத்தை வைத்து, அதன் பின்புறத்தில் கார்பன் இழையும் கண்ணாடி இழையும் எபாக்சிப் பிசினில் தோய்ந்த மெல்லிய தோலைப் போர்த்தினார்கள். பூச்சியினங்களுக்கு எலும்பு உள்ளே இல்லை, ஓடே எலும்பு. ஃப்ளையின் உடற்கூறும் அப்படித்தான். மரம் உருவத்தைத் தருகிறது, ஓடு வலிமையைத் தருகிறது.

இதைப் புதுமை என்கிறோம். ஆனால் மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவின் லூட் என்னும் தந்தி வாத்தியத்தைச் செய்தவர்கள், இலேசான மரத்தாலான கழுத்தின்மேல் கருங்காலி போன்ற கடினமான மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டும் வழக்கத்தை அறிந்திருந்தார்கள். கருங்காலியின் இடத்தில் கார்பன் இழை வந்திருக்கிறது என்று பார்த்தால், ஃப்ளை மரபை உடைத்த வாத்தியமாகத் தோன்றாது. இடையில் மறந்துபோன ஒரு மரபை மீண்டும் தொடர்ந்த வாத்தியமாகவே தோன்றும். மின்கிதாரில் நாம் மரபு என்று போற்றுவனவோ மிகவும் இளமையானவை. ஃபெண்டரின் டெலிகாஸ்டர் 1950ஐ ஒட்டியது. லெஸ் பால் 1952இலும் ஸ்ட்ராடோகாஸ்டர் 1954இலும் வந்தன. அவையும் தம் காலத்தில் துணிச்சலான புதுமைகளே.

கூட்டுப்பொருள் கொண்டு கிதார் செய்ய முயன்றவர்களில் பார்க்கர் முதல்வரும் அல்லர். ஹெலிகாப்டர் தயாரிப்பில் ஈடுபட்டிருந்த சார்லஸ் கேமன், இழைக்கண்ணாடியாலான உருண்ட முதுகுடைய ஓவேஷன் கிதாரை 1966இல் கொண்டுவந்தார். நெட் ஸ்டைன்பெர்கர் ஏறத்தாழ 1980இல், தலையே இல்லாத, முழுக்கக் கூட்டுப்பொருளாலான பேஸ் கிதாரைச் செய்து காட்டினார். ஆயினும் ஃப்ளையின் இலட்சியம் சற்று வேறானது. மரத்தை நீக்குவது அதன் நோக்கமன்று. மரத்துக்கு எந்த வேலை பொருந்துமோ அதை மட்டும் மரத்துக்குக் கொடுப்பதே நோக்கம்.

கையில் எடுத்து வாசித்தபோது என்ன கண்டோம்? முதலாவது, கழுத்து. மின்கிதாரில் மிகப் பலவீனமான பகுதி கழுத்தே. தந்தியின் அதிர்வில் ஒரு பகுதியைக் கழுத்து உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் சில கிதார்களில் குறிப்பிட்ட ஓரிரு இடங்களில் மட்டும் சுரம் சட்டென்று சோர்ந்துவிடுகிறது. கழுத்து விறைப்பானால் இந்தத் திருட்டு குறையும். எங்கள் ஃப்ளையில் எல்லா இடங்களிலும் சுரம் ஏறத்தாழ ஒரே சீராக நீடித்து ஒலிக்கிறது. இரண்டாவது, மெட்டுகள். வீணையில் மெட்டு என்று நாம் அழைப்பதையே கிதாரில் ஃப்ரெட் என்கிறார்கள். வழக்கமான கிதாரில் அவை மென்மையான நிக்கல் கலவையால் ஆனவை. பலகையில் பள்ளம் வெட்டி அடித்து இறக்கப்படுபவை. ஃப்ளையிலோ கடினமான துருப்பிடிக்காத எஃகு. பள்ளமே இல்லை, கூட்டுப்பொருள் பலகையின்மேல் நேராக ஒட்டப்பட்டவை. இத்தனை ஆண்டு வாசிப்பில் எங்கள் மெட்டுகளில் தேய்மானத்தின் சுவடே கண்ணில் படவில்லை.

மூன்றாவது, குரல். வழக்கமான காந்தப் பிக்கப்புகளோடு, தந்தி அமரும் குதிரையிலேயே அழுத்தமின் படிகங்களையும் பதித்திருக்கிறார்கள். ஒரே கிதாரில் மின்கிதாரின் குரலும், மரக்கூடுடைய கிதாரை ஒத்த குரலும் கிடைக்கின்றன. இரண்டையும் கலக்கவும் இயலும். இந்த இரண்டாம் குரலை நாங்கள் மிகையாகப் புகழ மாட்டோம். நல்ல மரக்கூட்டுக் கிதாரின் மூச்சு அதில் இல்லை.

இனி அந்த 'உயிர்' பற்றிய கேள்வி. ஒரு மழைநாளில் சிறு சோதனை செய்தோம். ஒருவர் கதவுக்கு அப்பால் அமர்ந்து, ஒரே ஒலிபெருக்கியில் ஃப்ளையையும் கனமான மரக் கிதார் ஒன்றையும் காந்தப் பிக்கப்புகளின் வழியே மாறி மாறி வாசித்தார். மற்ற இருவரும் எது எதுவென்று குறித்துக்கொண்டோம். எங்கள் விடைகள் நாணயத்தைச் சுண்டிப் பெறும் விடைகளைவிட மேலானவையாக இல்லை. கதவைத் திறந்து கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டபோதோ, அதே ஃப்ளை 'சற்று வறண்டு' ஒலிப்பதாக இருவருமே உணர்ந்தோம். இரண்டு பேர் செய்த சோதனை எதையும் நிறுவிவிடாது. ஆனால் எங்கள் காதுகள் எத்தனை தூரம் கண்களுக்குக் கட்டுப்பட்டவை என்பதை எங்களுக்கு அது காட்டியது. இலக்கியத்தில் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டால் எத்தனை கவிதைகளின் தரம் ஏறும், எத்தனை கவிதைகளின் தரம் இறங்கும் என்பதை நாம் அறிவோம்.

எடையும் வெறும் சொகுசு விஷயமன்று. ஜோனி மிட்செல் ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானவர். இடக்கையின் பலவீனத்தால் தமக்கேற்ற பல்வேறு சுருதி அமைப்புகளைக் கண்டடைந்தவர். 1990களில் மின்னணு முறையில் சுருதி மாற்றும் கருவியோடு அவர் கையில் எடுத்துக்கொண்ட கிதார்களில் ஃப்ளையும் ஒன்று. ஏட்ரியன் பெலூ, வெர்னன் ரீட், ரீவ்ஸ் கேப்ரல்ஸ் போன்ற, ஒலியில் புதிய திசைகளைத் தேடிய கலைஞர்களும் அதை வாசித்திருக்கிறார்கள். நான்கு கிலோ இடத்தோளில் தொங்க, இரண்டு மணி நேரம் நிற்கும் கலைஞனின் முதுகெலும்பை விமர்சகர்கள் கணக்கில் கொள்வதில்லை.

மரத்தின் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் 1992 முதல் அழியும் உயிரினங்களுக்கான சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதுமே கட்டுப்பாட்டுக்குள் வந்தது. முழுமை பெற்ற இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டாலும், காடு திரும்பி வந்துவிடவில்லை. விரல்பலகைக்கு ரோஸ்வுட்டோ கருங்காலியோ தேவைப்படாத கிதார் ஒன்று 1993இலேயே இருந்தது என்பதை இந்தப் பின்னணியில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் உண்மையென்றால் ஃப்ளை ஏன் நிலைக்கவில்லை? நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் கைமாறியது. தயாரிப்பு இல்லினாய் மாநிலத்துக்குச் சென்றது. 2010களின் நடுவில் முற்றிலும் நின்றுபோனது. வாசிப்பவர்களின் பழமைவாதமே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது ஃப்ளை அன்பர்களின் வழக்கம். நாங்களும் நெடுங்காலம் அப்படியே சொல்லிவந்தோம். ஓர் எளிய தேவை எங்களைத் திருத்தியது.

எங்களில் ஒருவர் தடித்த தந்திகளுக்கு மாற விரும்பினார். சாதாரணக் கிதாரில் இது அரைமணி நேர வேலை. ஃப்ளையில், சுருதியை அசைக்கும் கைப்பிடியின் இழுவிசையைச் சமன்செய்ய வழக்கமான சுருள்விற்களுக்குப் பதில் ஒரு தட்டையான வில் இருக்கிறது. அந்த வில் குறிப்பிட்ட தடிமனுள்ள தந்திகளுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது. தந்தி மாறினால் வில்லும் மாற வேண்டும். நாங்கள் அணுகிய பழுதுபார்ப்பவர் அனுபவசாலி, அன்பானவரும்கூட. கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைச் செய்தவர் என்னைவிட அறிவாளி. அதனால்தான் இதைத் தொட எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். வில்லைத் தேடிக் கண்டுபிடித்து அஞ்சலில் வரவழைக்க எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களும் அது ஓர் அழகிய பொருளாகச் சுவரில் தொங்கியது.

அப்போதுதான் டெலிகாஸ்டரின் மேதைமை எங்களுக்குப் புரிந்தது. அதன் கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைக்கப்பட்டது. கெட்டுப்போனால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். எந்த ஊரிலும் யாரோ ஒருவர் அதற்கான பாகத்தைச் செய்கிறார். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அது வாழ்வதற்குக் காரணம் அதன் ஒலி மட்டுமன்று; அதைச் செய்தவர் இல்லாமலும் அது பிழைத்திருக்கும் என்பதே. ஃப்ளையிலோ ஒவ்வொரு உறுப்பும் மற்றொன்றுக்காகவே சிந்திக்கப்பட்டது. அந்த ஒருமைதான் அதன் பேரழகு. அதன் தனிமைக்கும் அதுவே காரணம்.

ஒன்றைக் கவனியுங்கள். துருப்பிடிக்காத எஃகு மெட்டுகளை இன்று பல நிறுவனங்கள் பெருமையோடு விளம்பரப்படுத்துகின்றன. கார்பன் இழைத் தண்டுகளால் கழுத்தை வலுவூட்டுவதும், குதிரையில் அழுத்தமின் படிகம் பதிப்பதும் இன்று யாரையும் அதிர்ச்சியடையச் செய்வதில்லை. மரபுக் கிதாரில் தனியே பொருத்திக்கொள்ளக்கூடிய புதுமைகளை உலகம் ஏற்றுக்கொண்டது. பிரிக்க முடியாத முழுமையை மட்டும் ஏற்கவில்லை. ஆகவே கிதார் உலகத்தைக் கண்மூடித்தனமான பழமைவாதி என்று திட்டுவதில் பாதி நியாயமே உண்டு. ஒலியைப் பற்றிய அதன் தீர்ப்பு முன்முடிவு. பழுதுபார்க்க முடியாமை பற்றிய அதன் தயக்கமோ அனுபவம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசியதே இரு தரப்பாரின் பிழை.

ஒரு கருவியை மதிப்பிடும்போது, அது எப்படி ஒலிக்கிறது, கைக்கு எப்படி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும் என்பது எங்கள் முடிவு: முப்பது ஆண்டுகள் கழித்து, முன்பின் அறியாத ஒருவர் இதைத் திருத்தித் தர இயலுமா? முதல் இரண்டு கேள்விகளில் ஃப்ளைக்கு நாங்கள் முழு மதிப்பெண் கொடுக்கிறோம். மூன்றாவதில் கொடுக்க மனம் வரவில்லை. இன்று கூட்டுப்பொருளில் கிதார் செய்ய வருபவர்கள் அதன் எடையைவிட இந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடட்டும்.

எங்கள் மூவரில் ஒருவர், நல்ல விலை வரும்போதே விற்றுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்ற இருவரும் உடன்படவில்லை. இப்போதைக்குச் செய்திருப்பது இவ்வளவுதான்: இன்னொரு தட்டை வில்லையும் தேடி வாங்கி, உறைக்குள் கிதாரின் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.