விலா எலும்புக் கதை போதும்

வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் வந்து விழுந்திருக்கிறது அந்தக் காணொளி. விக்டோரியா காலத்து வெள்ளைக்காரிகள் இடுப்பு சிறுக்க வேண்டும் என்று விலா எலும்பையே அறுத்தெடுத்துவிட்டுக் கார்செட் என்னும் இறுக்கு உள்ளாடையைக் கட்டினார்களாம். கீழே 'ஐயோ பாவம்' என்று எங்கள் உறவினர் கூட்டம் வரிசைகட்டி அழுகிறது.

அறுவையில் கிருமிநாசினியின் பயனை அறுவை மருத்துவர் லிஸ்டர் எழுதியதே 1867-இல். அதற்கு முன் கத்தி பட்டால் சீழ்பிடித்துச் சாவது சர்வசாதாரணம். அந்த லட்சணத்தில், ஒரு நடன விருந்துக்காக நெஞ்சைக் கிழித்துக்கொள்ள ஆள் கிடைத்ததாம்! நம்பத்தக்க சான்று ஒன்றுகூட இல்லை.

இவர்களுக்கெல்லாம் இங்கிலாந்தின் மார்க்கெட் ஹார்பரோவைக் காட்ட வேண்டும். அவ்வூர் சிமிங்டன் கம்பெனி 1890 வாக்கில் 'பிரெட்டி ஹவுஸ்மெய்ட்' என்றொரு கார்செட்டை வீட்டு வேலைக்காரிகளுக்கென்றே விற்றது. துணி மடிப்புகளுக்குள் கயிறு செருகி விறைப்பேற்றிய மலிவுச் சரக்கு. விடியுமுன் எழுந்து அடுப்புச் சாம்பல் அள்ளி, நிலக்கரி வாளியை மாடிக்குத் தூக்கி, மண்டியிட்டுத் தரை தேய்க்கிற பெண் கட்டிக்கொண்டது அது. நின்ற இடத்தில் மயங்கி விழவைக்கும் ஆடையாக இருந்தால், எந்த எஜமானி அவளுக்குச் சம்பளம் கொடுத்திருப்பாள்?

ப்ரா புழக்கத்துக்கு வராத காலம். மார்பைத் தாங்க வேண்டும். அடுக்கடுக்கான பாவாடைகளின் கனம் இடுப்பை அறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு மெல்லிய சட்டை, அதன் மேல்தான் கார்செட். முதுகு நாடாவை முழுக்க இழுத்து மூடாமல் இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விட்டு முடிந்துகொண்டவர்கள் ஏராளம். அருங்காட்சியகத்தில் அதையே மூடிவைத்து அளந்துவிட்டு இன்று அலறுகிறோம்.

சினிமாக்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு? 1939-இல் 'கான் வித் த விண்ட்' படத்து நாயகி, கார்செட் நாடாவை இழுத்துக் கட்டுவதற்காகக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று தொடங்கிய இழுவை 'பிரிட்ஜர்டன்' தொடர் வரை நிற்கவில்லை. பிரிட்ஜர்டன் கதை தொடங்குவது 1813-இல். அப்போதைய கவுனுக்கு இடைக்கோடே மார்புக்குக் கீழே. வெளியே தெரியாத இடுப்பை யாருக்காக இறுக்கினார்கள்? இயக்குநருக்காகத்தான்.

கார்செட்டால் வராத வியாதியே இல்லை என்று அன்றைய டாக்டர்கள் எழுதிவைத்தார்களே என்பீர்கள். அந்த டாக்டர்களின் யோக்கியதை தெரியாதா? பெண் அதிகம் படித்தால் கருப்பை கெடும் என்று பாஸ்டன் டாக்டர் எட்வர்ட் கிளார்க் 1873-இல் புத்தகமே போட்டார். பெண் எதைச் செய்தாலும் இவர்களுக்கு ஒரு நோய் தயார். அந்த வேலைக்காரியின் நிலக்கரி வாளி மட்டும் எந்த டாக்டரின் கண்ணையும் உறுத்தவில்லை.

இங்கே மட்டும் என்னவாம்? பாவாடை நாடா இறுகி இடுப்பில் கறுத்த தழும்பு ஏறிய அத்தைகள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதைக் கொடுமை என்று யாரும் காணொளி போடவில்லை.

வெள்ளைக்காரிக்காக அழுத அதே விரல் அடுத்த நொடி 'வெய்ஸ்ட் டிரெய்னர்' என்கிற ரப்பர் இடுப்புப் பட்டை வாங்கப் பட்டனை அழுத்துகிறது. ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் 1987-இல் மேடையேற்றிய கார்செட்டை ஆசைப்பட்டு அணிகிறவர்கள் அணியட்டும், அது அலங்காரம். இந்த ரப்பர் பட்டையோ கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லி விற்கிறது. வெளியேறுவது வியர்வை. அமுங்கிய சதை, பட்டையைக் கழற்றியதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதற்குக் காசைக் கொட்டாதீர்கள்.