‘ஸ்பாவில் போலீஸ் ரெய்டு’: செய்தி வந்த அன்றே தீர்ப்பு எழுதிவிடலாமா?

‘மசாஜ் சென்டரில் விபச்சாரம்: மேனேஜர் கைது, 3 பெண்கள் மீட்பு.’ இந்த மாதிரி செய்தி அடிக்கடி நம் போனில் வந்து விழுகிறது. படிக்கிறோம், ஒரு குரூப்புக்கு ஃபார்வர்டு செய்கிறோம், மறந்துவிடுகிறோம். அந்த மேனேஜர் என்ன ஆனார், வழக்கு நின்றதா, விழுந்ததா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கிய ஃபிளாட்டை ஒரு புரோக்கர் மூலம் வாடகைக்கு விட்டிருக்கிறார். உங்கள் தோழி ஒரு ஸ்பாவில் பத்து நாளாக ரிசப்ஷனில் வேலை பார்க்கிறார். அங்கே ரெய்டு நடந்தால், எஃப்.ஐ.ஆரில் இவர்கள் பெயரும் ஏறலாம். அப்போது சட்டம் இவர்களிடம் என்ன கேட்கும்? இவர்கள் என்ன பதில் சொல்ல முடியும்?

எது குற்றம்?

‘விபச்சாரத் தடுப்புச் சட்டம்’ என்று நாம் சொல்வது 1956-ல் வந்த மத்தியச் சட்டம். 1986-ல் திருத்தி, இப்போதைய பெயரை வைத்தார்கள். 18 வயது நிறைந்த ஒருவர் சுயவிருப்பத்தோடு பாலியல் தொழில் செய்வதை மட்டும் வைத்து இந்தச் சட்டம் குற்றம் என்று சொல்வதில்லை. பொது இடத்தில் ஆள் அழைப்பது, கோயில், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வது ஆகியவைதான் அவர்கள் மீது வரக்கூடிய குற்றங்கள்.

சட்டத்தின் பெரிய அடி, அடுத்தவர் உடலை வைத்துச் சம்பாதிப்பவர்கள் மீது. விடுதி நடத்தினால் முதல் முறையே 1 முதல் 3 ஆண்டு கடுங்காவல் (பிரிவு 3). தெரிந்தே அதற்கு இடம் கொடுத்த வீட்டு உரிமையாளருக்கு 2 ஆண்டு வரை. அந்த வருமானத்தில் தெரிந்தே வாழ்பவருக்கும் 2 ஆண்டு வரை (பிரிவு 4). ஆள் பிடித்துத் தொழிலில் இறக்கினால் 3 முதல் 7 ஆண்டு. அந்த நபரின் விருப்பத்துக்கு எதிராக என்றால் 14 ஆண்டு வரை (பிரிவு 5). சிறுமிகள் சம்பந்தப்பட்டிருந்தால் தண்டனை இன்னும் கடுமை. அதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை.

வழக்கு எங்கே நிற்கும், எங்கே விழும்?

இத்தகைய வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பார்ப்பது மூன்று விஷயங்களை. இவர்தான் அந்த இடத்தை நடத்தினாரா? இவருக்கு அதில் லாபம் வந்ததா? நடப்பது தெரிந்தே இருந்தாரா?

சம்பளத்துக்கு ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தவர், கடையை ‘நடத்தியவர்’ ஆகிவிட மாட்டார். ஆனால் பணத்தை வாங்கி, ரூமைக் காட்டி, கமிஷனும் எடுத்திருந்தால் கதை வேறு. அதனால்தான் சம்பளக் கணக்கு, வேலைக்குச் சேர்ந்த தேதி, வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது எல்லாமே முக்கியமாகின்றன. போலீஸ் ஒரு ஆளை கஸ்டமர் போல அனுப்பி, நம்பர் குறித்த நோட்டைக் கொடுத்துப் பிடித்திருந்தால், அந்த நோட்டு கடைசியில் யார் கையில் இருந்தது என்பதை வைத்தே குறுக்கு விசாரணை நடக்கும்.

‘விடுதி’ என்பதற்கும் சட்டத்தில் விளக்கம் உண்டு. இன்னொருவரின் லாபத்துக்காகவோ, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் பரஸ்பர லாபத்துக்காகவோ பயன்படும் இடம் அது. ஒரே ஒரு முறை நடந்ததை மட்டும் வைத்து ஓர் இடத்தை விடுதி என்று சொல்லிவிட முடியாது என்று நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் கூறியிருக்கின்றன.

ஒரு செய்தியே சுமையாகும்போது

பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது: 3(2ஏ). சோதனையில் ஓர் இடம் விபச்சாரத்துக்குப் பயன்பட்டது தெரியவந்தது என்று, வீட்டு உரிமையாளர் வசிக்கும் பகுதியில் விற்பனையாகும் நாளிதழில் செய்தி வந்தாலே போதும்; அல்லது சோதனையில் கிடைத்த பொருட்களின் பட்டியல் அவரிடம் கொடுக்கப்பட்டாலும் போதும். அதன் பிறகு ‘இவருக்குத் தெரியும்’ என்றே சட்டம் அனுமானிக்கும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுகிறது.

அதாவது, அப்படி ஒரு செய்தியைப் படித்த பிறகும் ‘நமக்கென்ன, வாடகை வந்தால் சரி’ என்று இருந்தால் சிக்கல்தான். வாடகை ஒப்பந்தம், வாடகைதாரர் பற்றி போலீஸ் நிலையத்தில் கொடுத்த தகவல், காலி செய்யச் சொல்லி அனுப்பிய நோட்டீஸ் ஆகியவைதான் அப்போது உரிமையாளரைக் காப்பாற்றும். 200 மீட்டர் எல்லைக்குள் இருக்கும் கட்டடம் என்றால், அதை ஏன் ஜப்தி செய்யக் கூடாது என்று கேட்டு மாஜிஸ்திரேட் நோட்டீஸ் அனுப்பலாம். பதில் சொல்ல 7 நாள்தான் அவகாசம். அந்த நோட்டீஸை மேஜை டிராயரில் போட்டுவிடாதீர்கள்.

பிரிவு 4-லும் இதே போன்ற அனுமானம் உண்டு. பாலியல் தொழிலாளியோடு சேர்ந்து வாழ்பவர், அவர் வருமானத்தில் வாழ்வதாகவே கருதப்படுவார். அம்மாவின் பணத்தில் கல்லூரியில் படிக்கும் 19 வயது மகனைக்கூட இது தொடும்.

போலீஸுக்கும் விதிகள் உண்டு

இந்தச் சட்டத்தின்கீழ் யார் வேண்டுமானாலும் விசாரிக்க முடியாது. இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத சிறப்புக் காவல் அதிகாரி வேண்டும். 1961-லேயே டெல்லி நிர்வாகம் எதிர் ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வாரன்ட் இல்லாமல் சோதனை போடுவதென்றால், காரணத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய இருவரைச் சாட்சியாக அழைக்க வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பெண் போலீஸார் உடன் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது.

இவற்றில் குறை இருந்தால் வழக்கு தானாக விழுந்துவிடுமா? விழாது. சோதனையில் குறை இருந்தாலும், குற்றம்சாட்டப்பட்டவருக்கு அதனால் பாதிப்பு ஏற்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆனால் விசாரித்த அதிகாரிக்கே அதிகாரம் இல்லை என்றால், வழக்கின் அஸ்திவாரம் ஆட்டம் காணும்.

கஸ்டமர் நிலை என்ன?

இதில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி பேசவில்லை. ரெய்டின்போது அங்கே இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தது. 2025-ல் கேரள உயர் நீதிமன்றமோ, பணம் கொடுப்பவர் மீது பிரிவு 5-ன்கீழ் வழக்கு நடத்தலாம் என்றது. ‘கஸ்டமர் மேல கேஸே வராது’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

பெயர் சேர்ந்துவிட்டால்?

முதலில் எஃப்.ஐ.ஆர் நகலை வாங்கி, எந்தப் பிரிவு என்று பாருங்கள். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது அவசியமில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்துத்தான் போலீஸ் விசாரிக்க வேண்டும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போனில் உள்ள மெசேஜ்களை அழிக்காதீர்கள். அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். முன்ஜாமீன் கேட்கலாம். முகாந்திரமே இல்லாத வழக்கு என்றால் ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையா? 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இந்த உதவி உண்டு.

நாம் சொல்ல வருவது

‘இந்த மாதிரி கேஸில் மாட்டியவனுக்கு எதுக்கு வக்கீல்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பெண்களை ஏமாற்றிக் கூட்டிவந்து விற்பவன் தப்பக் கூடாது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அப்படிப்பட்டவனுக்குத் தப்பும் வழியை உண்டாக்குவதே, சட்டப்படி செய்யாத ரெய்டும், பெயருக்கு நடக்கும் விசாரணையும்தான். சிக்கும் ரிசப்ஷனிஸ்டை மேனேஜர் என்று எழுதிவிட்டு, உண்மையான முதலாளியைத் தேடாமல் கோப்பை மூடினால் யாருக்கு நன்மை?

பெண்கள் விஷயம் அதைவிட வேதனை. சுயவிருப்பத்தோடு தொழில் செய்யும் வயதுவந்தவர்களை ரெய்டில் கைது செய்யவோ, துன்புறுத்தவோ கூடாது. ஊடகங்கள் அவர்களின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகும் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறும் பெண்களின் படங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ‘அழகிகள்’ என்ற தலைப்புச் சொல்லும் இன்னும் ஒழியவில்லை.

இதில் பத்திரிகைத் துறைக்கும் பங்கு உண்டு. நாங்கள் அச்சிடும் ஒரு செய்தி, ஒரு வீட்டு உரிமையாளர் மீது சட்டப்படியே சுமையை ஏற்றுகிறது. அந்த அளவுக்குச் சட்டம் எங்களை நம்புகிறது என்றால், கைதை எழுதும் அதே அக்கறையோடு விடுதலையையும் எழுத வேண்டும். நீங்களும் அடுத்த முறை அப்படி ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்வதற்கு முன், அதில் உள்ள படத்தையாவது ஒருமுறை பாருங்கள்.