பதினேழு இஞ்ச் பந்தா

திருவொற்றியூர்க்காரன் டயரைப் பத்திப் பேசினா நாலு பேர் காது கொடுத்துக் கேட்கணும்ங்க. 1946ல மாம்மன் மாப்பிள்ளை ஒரு சின்ன ஷெட்ல பலூன் செய்ய ஆரம்பிச்சது எங்க ஊர்லதான். 1961ல அமெரிக்காவோட மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோட சேர்ந்து டயர்ல இறங்கின அந்தக் கம்பெனிதான் இன்னிக்கு எம்.ஆர்.எஃப். அந்த உரிமையில கொஞ்சம் திட்டப் போறேன்.

யாரைன்னா, அப்பா வாங்கின ஸ்விஃப்ட்ல 17 இஞ்ச் அலாய் மாட்டிக்கிட்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல பந்தா காட்டுற நம்ம ஆளுங்களை. நம்ம வகுப்புலயே ரெண்டு பேர் இருக்கீங்க, பேர் சொல்ல மாட்டேன் :-)

டயர் பக்கவாட்டுல 185/65 ஆர்15னு போட்டிருக்கா? 185ங்கறது அகலம், மில்லிமீட்டர்ல. 65ங்கறது அந்த அகலத்துல 65 சதவீதம் பக்கச்சுவரோட உயரம், அதாவது 120 மி.மீ. 15ங்கறது ரிம் எத்தனை இஞ்ச்ங்கறது. எல்லாம் கூட்டினா டயரோட மொத்த விட்டம் சுமார் 622 மி.மீ.

கடைக்காரர் சொல்ற 205/45 ஆர்17 போட்டா விட்டம் 616. "பாத்தீங்களா தம்பி, 6 மில்லிதான் வித்தியாசம், ஸ்பீடாமீட்டருக்கு ஒண்ணும் ஆகாது"ம்பார். அவர் சொல்றது பொய்யில்லை, ஆனா பாதி உண்மை. பக்கச்சுவர் 120லேர்ந்து 92 ஆயிடுச்சே, அந்த 28 மி.மீ. எங்க போச்சு? ரிம் தின்னுடுச்சு. பள்ளத்துல விழும்போது அடியை வாங்கறது அந்த ரப்பரும் உள்ள இருக்கற காத்தும்தான். அது குறைஞ்சா பள்ளத்து விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல டயர் நசுங்கி உள்நூல் அறுந்துடும். அப்புறம் முட்டை மாதிரி புடைப்பு, ஒரு நாள் வெடிப்பு. வழவழன்னு இருக்கற ரோட்ல இந்த டயர் நல்லா வளையும், ஒத்துக்கறேன். கன்டெய்னர் டிரெய்லர் ராத்திரி பகலா உழுதுக்கிட்டே இருக்கற ரோட்ல அது எதுக்கு?

இன்னொண்ணு, அளவுக்குப் பக்கத்துல இருக்கற எண். 88னா ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84னா 500தான். அகலம் கூடினா பலமும் கூடும்னு நினைச்சுடாதீங்க, எண்ணைப் பாருங்க.

"நான் உயரமா போடுறேன், பள்ளம் தெரியாது"னு இன்னொரு கோஷ்டி. அதே ரிம்ல 205/65 மாட்டினா விட்டம் 648 ஆகும், அதாவது 4 சதவீதம் அதிகம். மீட்டர் எண்ணறது சக்கரம் சுத்தறதைத்தான். முன்னாடி காட்டின அதே 80ஐக் காட்டும்போது இப்ப மூணு கிலோமீட்டர் கூடுதல் வேகத்துல போவீங்க. முழு ஸ்டியரிங் ஒடிச்சா மட்கார்டுல உரசவும் வாய்ப்புண்டு. இத்தனைக்கும் வண்டி உசர்றது வெறும் 13 மில்லி!

அப்ப அளவையே மாத்தக் கூடாதான்னா, தாராளமா மாத்தலாம். ஸ்விஃப்ட்டோட கீழ் மாடலுக்கு 165/80 ஆர்14, மேல் மாடலுக்கு 185/65 ஆர்15னு கம்பெனியே கொடுத்திருக்கு. ரெண்டோட விட்டத்துக்கும் 2 மி.மீ.தான் வித்தியாசம். ரிம்மோட சேர்த்து அதுக்கு மாறுங்க, யார் வேணாம்னா? அந்தக் கணக்கை அவங்களே போட்டுட்டாங்க. நம்ம கணக்கு எல்லாம் போட்டோல எப்படித் தெரியும்ங்கறதுதானே!

இவ்வளவு கோபம் ஏன்னா, போன மழைல மாமாவோட 17 இஞ்ச் வண்டியில அம்மாவைக் கூட்டிட்டு வந்தோம். தண்ணிக்கு அடியில பள்ளம். 'டொப்'புனு ஒரு சத்தம், முன் டயர் கிழிஞ்சது. ஒரு பக்கம் நிக்கற டிரெய்லர் வரிசை, இன்னொரு பக்கம் ஓடற டிரெய்லர் வரிசை. மாமா ஜாக்கி போட, அம்மா மழைல நனைஞ்சுக்கிட்டே மொபைல் டார்ச் பிடிச்சுட்டு நின்னாங்க. டிக்கியிலேர்ந்து எடுத்து மாட்டினது எது தெரியுமா? கழட்டிப் போட்டிருந்த பழைய 15 இஞ்ச். அதுதான் எங்களை வீடு கொண்டு வந்து சேர்த்துச்சு.

மாமா இன்னும் அந்த அலாயைக் கழட்டலை. அம்மா அந்த வண்டியில ஏறுறதில்லை.