ஐந்து நிமிட நன்றி

அம்மா பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதமாகிறது. பெண்டாங்கிலிருந்து அலோர்ஸ்டார் மருத்துவமனைக்கு மாதம் இரண்டு நடை. இரவில் மூன்று தடவை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒருநாள் காலை காடிச் சாவியைத் தேடித் தேடி, அது கையிலேயே இருப்பதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

"தினமும் நன்றித் தியானம் செய்யுங்க, தெம்பு வரும்" என்றார் தோழி ஒருவர். எனக்குக் கோபம்தான் வந்தது. எதற்கு நன்றி? ஆனாலும் உட்கார்ந்தேன். "நல்ல வாழ்வு தந்த இறைவா, நன்றி" என்று பத்து நிமிடம் சொன்னதில் தூக்கம் வந்தது, வேறெதுவும் வரவில்லை.

எமன்ஸ், மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். நரம்புத் தசை நோய் உள்ளவர்களை 21 நாள், அன்றன்று நன்றி சொல்லத் தோன்றியதை எழுத வைத்தார்கள். எழுதியவர்கள், எழுதாதவர்களைவிடக் கூடுதல் நேரம் உறங்கினார்கள். எழும்போது தெளிவாக இருந்ததாகவும் சொன்னார்கள். நோய் போய்விடவில்லை, உறக்கம் வந்தது. எனக்கு அதுவே போதும்.

மனவளக்கலை அன்பர்கள் ஆகஸ்டு 30-ஐ மனைவி நல வேட்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். வேதாத்திரி மகரிஷியின் துணைவியார் லோகாம்பாள் பிறந்த நாள் அது. நன்றிக்கு ஒரு முகம் வேண்டும் என்று எனக்குப் பட்டது அதனால்தான்.

யோசித்தால், இது எங்கள் வீட்டிலேயே இருந்தது. அம்மா பால்மரம் வெட்டியவர். விடியலில் முதல் மரத்தில் கத்தி வைக்குமுன் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சிறுமியாகக் கூடப் போனபோது ஏன் என்று கேட்டேன். "சோறு போடுதில்ல" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

இப்போது இரவு இரண்டாவது முறை புரட்டிப் படுக்க வைத்ததும் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்காருகிறேன். மூச்சு நிதானமானதும் அன்று நடந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு மக்சிக் கொண்டுவந்த கஞ்சி. அதன் சூடு, இஞ்சி வாசம், வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போன அவசரம். பட்டியல் போட்டால் மனம் மறுபடி கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

இதனால் வேலை குறையாது. குறைய வேண்டுமென்றால் ஆளைக் கேட்க வேண்டும். கோபம் தணிந்த பிறகுதான் தம்பிக்குப் போன் போட்டு, "சனிக்கிழமை ராத்திரி உன் பொறுப்பு" என்று சண்டையில்லாமல் சொல்ல முடிந்தது.

அந்த முதல் சனிக்கிழமை இரவு படுத்தவள், காலை எட்டு மணிக்குத்தான் எழுந்தேன். தம்பி கோப்பி கலக்கி வைத்திருந்தான். சீனி அதிகம். அன்றிரவு உட்கார்ந்தபோது அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.